டப்பாவில் சொட்டிய எட்டு சதவீதம்

எஞ்சின் ஆய்வுக்கூடத்தின் வாசலில், "ஆராய்ச்சி நடைபெறுகிறது, சத்தம் போடாதீர்கள்" என்று ஒரு பலகை தொங்கியது. உள்ளே டீசல் எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அந்தப் பலகையை மாட்டச் சொன்ன பேராசிரியர், எஞ்சின் ஓடும்போது ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று மெக்கானிக் கேட்பார். கேட்பது தனக்குத்தானே. வாய்விட்டுக் கேட்கும் அளவுக்கு அந்தத் துறையில் ஒருத்தரையும் அவர் மதித்ததில்லை.

இருபத்திரண்டு வருட சர்வீஸ் அவருக்கு. எஞ்சினைத் துடைப்பது, ஓட்டுவது, நிறுத்துவது, மாணவர்களுக்குப் பக்கத்தில் நிற்பது எல்லாம் அவர் வேலை. மாணவர்கள் என்று வருகிறவர்களைப் பற்றி அவரிடம் பேச்சு கொடுத்தால் அரை நாள் போய்விடும். முப்பது பேர் ஒரு எஞ்சினைச் சுற்றி நிற்பார்கள். ஒருத்தன் ஸ்டாப்வாட்ச் பிடிப்பான். ஒருத்தி எழுதுவாள். மிச்சம் இருபத்தெட்டு பேர் போனை நோண்டுவார்கள். எஞ்சின் சூடாவதற்குள் யாராவது ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வருவான். "அண்ணே, போன வருஷ ரீடிங் இருந்தா குடுங்கண்ணே. எதுக்கு டீசலை எரிக்கணும்?" அவரும் கொடுத்துவிடுவார். எஞ்சினுக்குள் போன சூட்டில் எவ்வளவு வேலையாச்சு, எவ்வளவு புகையில் போச்சு, எவ்வளவு தண்ணீரில் போச்சு என்று ஒரு பட்டியல் போட வேண்டும். கூட்டிப் பார்த்தால் நூறு வராது. வராத மிச்சத்தைக் "கணக்கில் வராத இழப்பு" என்று எழுதி நூறாக்கிவிடுவார்கள். பாதி சூடு காணாமல் போயிருந்தாலும் ஒரு ஆசிரியரும் ஏன் என்று கேட்டதில்லை. பச்சை மையில் ஒரு டிக், முடிந்தது.

பேராசிரியருக்கு மெக்கானிக் வைத்திருந்த பெயர் "எட்டு சதவீதம்". அந்த ஆள் எங்கே போனாலும், எந்த மேடையில் மைக்கைப் பிடித்தாலும், ஐந்தாவது நிமிடத்தில் அந்த எட்டு சதவீதம் வந்துவிடும். விதையிலிருந்து எடுத்த எண்ணெயை டீசலுக்குப் பதிலாக ஊற்றினால் எஞ்சின் எட்டு சதவீதம் குறைவாகக் குடிக்கிறதாம். இதை வைத்து முப்பத்தேழு கட்டுரைகள். இரண்டு கேடயங்கள். ஐந்து பேருக்கு டாக்டர் பட்டம். பேராசிரியர் தன் அறையில் நாற்காலிக்குப் பின்னால் அந்த எட்டு சதவீதக் கோட்டுப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

அந்த எட்டு சதவீதம் எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது ஒரு பால்பவுடர் டப்பாவிலிருந்து வந்தது.

எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று அளக்கிற முறை சின்னப் பிள்ளைக்கும் புரியும். டேங்கிலிருந்து வருகிற வழியை அடைத்துவிட்டு, சுவரில் மாட்டிய ஒரு கண்ணாடிக் குழலிலிருந்து எஞ்சினைக் குடிக்க விட வேண்டும். குழலில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் பத்து மில்லி. மேல்கோட்டிலிருந்து கீழ்கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி என்று பார்த்தால் போதும். ஆனால் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் இருக்கிறதே, அது கொடுத்ததையெல்லாம் உள்ளே அனுப்பாது. கொஞ்சம் கசியும். தேய்ந்துபோன பழைய நாசில் என்றால் நிறையவே கசியும். கசிந்ததை வெளியே கொண்டுவர ஒரு மெல்லிய ரப்பர் குழாய் உண்டு. அதன் வாயை மறுபடி அந்தக் கண்ணாடிக் குழலின் தலையில் செருகிவிட வேண்டும். வெளியே விட்டால் எரியாத டீசலும் எரிந்த கணக்கில் சேர்ந்துவிடும்.

மெக்கானிக் அதை வெளியேதான் விட்டிருந்தார். ஒரு பால்பவுடர் டப்பாவைக் கீழே வைத்து, குழாயின் வாயை அதில் போட்டிருந்தார். சொட்டுச் சொட்டாகச் சேருகிற டீசல் ஸ்பேனர் கழுவ உதவும், கை கழுவ உதவும். மாணவர்களின் கணக்குக்கு எதில் விட்டால் என்ன?

பேராசிரியரின் முதல் ஆராய்ச்சி மாணவன் விதை எண்ணெயோடு வந்தபோதுதான் கதை மாறியது. அந்தப் பையன் விதை பொறுக்கி, ஆட்டி, காய்ச்சி, கழுவி, ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க ஒரு வாரம் மல்லுக்கட்டினான். கேனைப் பச்சைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து, "அண்ணே, ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாதுண்ணே" என்று அழாத குறையாகச் சொன்னான். சரி போ என்று மெக்கானிக், எண்ணெய் ஓடும்போது மட்டும் குழாயை டப்பாவிலிருந்து எடுத்துக் கண்ணாடிக் குழலின் தலையில் செருகினார். டீசல் ஓடும்போது பழையபடி டப்பாவில். எஞ்சின் மேல் பாரம் ஏற ஏற எவ்வளவு குடிக்கிறது என்று பையன் இரண்டு கோடு வரைந்தான். டீசல் கோடு மேலே, எண்ணெய்க் கோடு கீழே, நடுவில் எட்டு சதவீதம். முக்கால் பாரத்தில் டீசல் கோட்டில் ஒரு சின்ன மேடு வேறு. அந்த ரீடிங்கின்போது பையனுக்குப் போன் வந்தது, ஸ்டாப்வாட்சை அவசரமாக முன்கூட்டியே அமுக்கிவிட்டான். மேடு அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஸ்பேனர் கழுவும்போதுதான், அந்த எட்டு சதவீதம் இந்த டப்பாவில் சொட்டியது என்று மெக்கானிக்குக்கு உறைத்தது. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டே பேராசிரியர் அறைக்குப் போனார். பேராசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னப்பா, லீவா?"

"இல்ல சார். அந்த டீசல் ரீடிங்ல ஒரு விஷயம் யோசிச்சுப் பார்த்தேன்..."

"யோசிக்கிறதுக்கு இங்க ஆள் இருக்கு. நீ ஸ்டார்ட் பண்ணு, போதும்."

மெக்கானிக் டப்பாவோடு திரும்பி வந்தார். அன்றைக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். அதை அன்றைக்கே கொட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர் கொட்டவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டார். யாராவது வந்து கேட்கட்டும், கேட்டால் சொல்கிறேன் என்று முடிவு கட்டினார்.

ஒன்பது வருடமாக ஒரு ஆளும் கேட்கவில்லை. இரண்டாவது மாணவன் வந்தபோது, "டீசல் ரீடிங்தான் ஏற்கெனவே இருக்கே, எதுக்குத் திரும்ப எரிக்கணும்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவன் விதையை மட்டும் மாற்றினான். மூன்றாவது ஆள் விதையோடு ஏதோ பொடியைக் கலந்தாள். ஐந்து பேரும் ஐந்து தடித்த புத்தகம் எழுதினார்கள். எல்லாப் புத்தகத்திலும் அதே டீசல் கோடு, முக்கால் பாரத்தில் அதே மேடு. யாரோ ஒருத்தனுக்கு எப்போதோ வந்த போன் ஐந்து டாக்டர் பட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் மெக்கானிக் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார். மேட்டைப் பார்த்ததும் அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். அறிவாளிகளாம். சம்பளம் பெரிசு, நாற்காலி பெரிசு, ஒரு ரப்பர் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க ஒருத்தருக்கும் இடுப்பு வளையவில்லை.

அவருடைய அக்கா மகள் அந்தத் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது இந்தக் குளுகுளுப்பில் கொஞ்சம் மண் விழுந்தது.

வீட்டில் அவளுக்குப் பெயர் குண்டூசி. ஆளும் அப்படித்தான், வாயும் அப்படித்தான். பரீட்சையில் முதலாவதாக வந்தவளை எட்டு சதவீதம் கொத்திக்கொண்டு போய்விட்டார். அக்கா போன் செய்து, "நீ இருக்கிற இடத்துலதான் அவளும் இருக்கா, இனிமே எனக்கென்ன கவலை" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாய் வரை வந்தது. சொன்னால் அவள் முதலில் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமா ஏன் மாமா சும்மா இருந்தீங்க? அதனால் வேறு வழி கண்டுபிடித்தார். அவள் எஞ்சின் ஓட்டுகிற நாளெல்லாம், டீசலோ எண்ணெயோ, குழாயைக் கண்ணாடிக் குழலின் தலையிலேயே செருகி வைத்தார். டப்பாவைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் போட்டார். அவளாவது சுத்தமான ரீடிங் எடுக்கட்டும், அது போதும் என்று நினைத்துக்கொண்டார்.

குண்டூசி மற்றவர்களைப் போல இல்லை. கையில் கரி படிவதைப் பற்றிக் கவலைப்படாமல் எஞ்சின் பக்கத்திலேயே நிற்பாள். டீசலைப் புதிதாக அளந்தே தீருவேன் என்று அடம்பிடித்து அளந்தாள். முழுப் பாரத்தில் பத்து மில்லி இறங்க நாற்பத்தாறு விநாடி. எண்ணெயை அளந்தாள். நாற்பத்தைந்தரை. சேமிப்பு எங்கே? சேமிப்பும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. எண்ணெய் ஒரு சொட்டு கூடவே குடித்தது.

"மாமா, நான் எங்க தப்பு பண்றேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணல. ரீடிங் சரியாத்தான் இருக்கு."

"அப்ப மத்த அஞ்சு பேருக்கும் எப்படி நாப்பத்திரண்டு வந்துச்சு?"

"எனக்கென்னம்மா தெரியும்? யோசிக்கிறதுக்கு இங்க ஆள் இருக்கு. நான் ஸ்டார்ட் பண்றவன்."

இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு திருப்தி வந்தது. பேராசிரியரின் வார்த்தையை வைத்தே பேராசிரியரை அடித்த மாதிரி. எதிரில் நின்றது பேராசிரியர் இல்லை, தன் அக்கா மகள் என்பது அந்த நேரத்தில் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

நான்கு மாதம் அவள் திரும்பத் திரும்ப அளந்தாள். ஸ்டாப்வாட்சை மாற்றினாள். டீசலை வேறு பங்க்கில் வாங்கினாள். பாரத்தைக் காட்டும் முள்ளை எடை வைத்துச் சரிபார்த்தாள். எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே தினமும் ஒரு தடவை, "மாமா, எங்கயோ விடுறேன், எங்கன்னு தெரியல" என்பாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. பேராசிரியரின் எட்டு சதவீதம் உடைந்தால்தான் நல்லது, அவள் கையாலேயே உடையட்டும் என்று மெக்கானிக் காத்திருந்தார். பிறகு ஒருநாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டு எழுதப் போய்விட்டாள். புத்திசாலிப் பெண், உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவாள் என்று அவர் நிம்மதியானார்.

வாய்மொழித் தேர்வு நாள் காலை ஒன்பது மணிக்கு அவள் எஞ்சின் அறைக்கு வந்தாள். புதுச் செருப்பு, கையில் நீல அட்டை போட்ட புத்தகம். ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி பட்டத்தோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவனுக்கு.

"இது உங்களுக்கு மாமா. மொத பக்கத்தைப் பாருங்க."

முதல் பக்கத்தில், "எஞ்சின் அறையில் எனக்குத் துணையாக நின்ற என் தாய்மாமாவுக்கு" என்று இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் புத்தகத்திலும் அவர் தனி ஆளாக வந்ததில்லை, "ஆய்வக ஊழியர்களுக்கும்" என்பதில் ஒரு புள்ளியாகத்தான் வந்திருக்கிறார். கண் கலங்கியது. அதை மறைக்கப் பழக்கப்பட்ட பக்கத்தைத் திருப்பினார்.

டீசல் கோடு மேலே. எண்ணெய்க் கோடு கீழே. முக்கால் பாரத்தில் மேடு.

"இது உன் ரீடிங் இல்லையே."

அவள் முகம் சுருங்கியது. "சார் ஒத்துக்கல மாமா. அஞ்சு பேர் எடுத்தது எப்படித் தப்பாகும், உனக்கு அளக்கத் தெரியல, டீசல் ரீடிங்கைப் பழைய புத்தகத்துல இருந்து எடுத்துக்கோன்னாரு. நாலு மாசம் தேடினேன். என் தப்பைக் கண்டுபிடிக்க முடியல. தப்பு என்மேலதான்னு விட்டுட்டேன். பிடிக்கலதான். என்ன பண்றது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியரின் உதவியாளர் ஓடிவந்தார். தேர்வாளர் வந்துவிட்டாராம். மண்டபத்துக்குப் போவதற்கு முன் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். ஓட்டிக் காட்ட வேண்டுமாம். குண்டூசி பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

இதற்கு முன் ஐந்து தேர்வு நடந்திருக்கிறது. வந்த தேர்வாளர் ஒவ்வொருத்தரும் டீயையும் பிஸ்கட்டையும் முடித்துவிட்டு, இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று போனவர்கள்தான். எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் இன்றைக்குத்தானா வர வேண்டும்!

மெக்கானிக்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது. குழாய் கண்ணாடிக் குழலின் தலையில் இருந்தது. இப்படியே ஓட்டினால் நாற்பத்தாறு வரும். புத்தகத்தில் நாற்பத்திரண்டு. பிள்ளை மாட்டிக்கொள்வாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டார். தூசி படிந்த பால்பவுடர் டப்பா வந்தது. குழாயைப் பிடுங்கி அதில் போட்டார். ஒன்பது வருடம் அவர்களைப் பார்த்துச் சிரித்த மனுஷன், எட்டு சதவீதத்தைத் தன் கையாலேயே சொட்ட வைத்தார்.

தேர்வாளர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார், தோளில் ஒரு துணிப்பை. காதை அடைக்கும் பஞ்சைக்கூடத் தானே கொண்டு வந்திருந்தார். பேராசிரியர் பின்னாலேயே வந்தார். தன் ஆய்வுக்கூடத்துக்கே விருந்தாளி மாதிரி, எதில் இடித்துக்கொள்வோம் என்று பயந்து பயந்து காலை வைத்தார்.

"முழுப் பாரத்துல டீசல் ஓட்டுங்க" என்றார் அம்மையார்.

மெக்கானிக் தண்ணீரைத் திறந்துவிட்டார். எஞ்சினின் இறுக்கத்தைத் தளர்த்தும் லீவரைத் தூக்கிப் பிடித்துக் கைப்பிடியைச் சுற்றி, வேகம் ஏறியதும் லீவரை விட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அது சூடாகும் வரை அம்மையார் பொறுமையாக நின்றார். பிறகு பாரம் ஏற்றி, ஸ்டாப்வாட்சைத் தானே வாங்கி அளந்தார். நாற்பத்திரண்டு. பேராசிரியரின் முகத்தில் டியூப்லைட் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். குண்டூசி மட்டும் ஸ்டாப்வாட்சை எட்டிப் பார்த்துவிட்டு ஆடாமல் நின்றாள். நான்கு மாதம் அவளுக்கு ஒரு நாளும் வராத நாற்பத்திரண்டு அது.

அம்மையார் குனிந்தார். அந்த அறையில் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒருத்தர் குனிந்தார். குழாயைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போய் டப்பாவில் நின்றார். டப்பாவை எடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்து, மெக்கானிக்கிடம் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். எஞ்சின் இரண்டு தும்மல் போட்டு நின்றது.

"இந்த டப்பாவுல இருக்கிறது எரிஞ்ச டீசலா, எரியாத டீசலா?" என்று அவர் பேராசிரியரிடம் கேட்டார்.

பேராசிரியருக்கு அது எந்தக் குழாய் என்றே தெரியவில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "அது... கூலிங் வாட்டர்னு நினைக்கிறேன்" என்றார்.

அம்மையார் அவரைப் பார்த்த பார்வைக்காகவே ஒன்பது வருடம் காத்திருந்தோம் என்று வேறொரு நாளாக இருந்தால் மெக்கானிக் விசில் அடித்திருப்பார். இன்றைக்கு அவர் கண் குண்டூசியை விட்டு நகரவில்லை. அவள் டப்பாவைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த கண்ணாடிக் குழலின் தலையைப் பார்த்தாள். உதடு அசைந்து கணக்குப் போடுவது தெரிந்தது. அவளுக்கு நான்கு மாதத்தில் கிடைக்காதது நான்கு விநாடியில் கிடைத்துவிட்டது.

"இது லேப் ஸ்டாஃப் பண்ணின தப்பு மேடம்" என்றார் பேராசிரியர். வாழ்க்கையில் முதல்முறையாக இந்த எஞ்சினைப் பற்றி அவர் சொன்ன ஒரு உண்மை அதுதான். "இவங்களுக்கெல்லாம் எவ்வளவு சொன்னாலும்..."

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒம்பது வருஷம் சார்! ஒம்பது வருஷமா இந்தக் குழாய் இங்கதான் கெடக்கு. ஒரு நாள் உள்ள வந்து பார்த்திருக்கீங்களா?"

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அம்மையார் திரும்பினார்.

இந்தக் கேள்விக்காக மெக்கானிக் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தார். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "என்கிட்ட யாரும் கேக்கலையே மேடம்."

"நான் கேட்டேன் மாமா."

குண்டூசி சத்தமாகச் சொல்லவில்லை. எஞ்சின் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"நாலு மாசம் தெனமும் கேட்டேன்."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உனக்கு மட்டும் சரியாத்தானே வெச்சேன் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்படிச் சொன்னால் அது இன்னும் கேவலம் என்பது வாய்க்குள்ளேயே புரிந்துவிட்டது. குழாயைச் சரியாக வைத்துவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விட்டதால்தான் அவள் தன் கையையும் கண்ணையும் சந்தேகப்பட்டாள், சரியான ரீடிங்கைத் தூக்கி எறிந்துவிட்டுத் தப்பானதை ஒட்டிக்கொண்டாள். பேராசிரியர் அவளை ஏமாற்றவில்லை, அந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்த ஆள் மெக்கானிக் ஒருத்தர்தான்.

அவள் பையிலிருந்து ஒரு கசங்கிய நோட்டை எடுத்து அம்மையாரிடம் நீட்டினாள். "இதுல என் சொந்த ரீடிங் இருக்கு மேடம். டீசல், நாப்பத்தாறு. புத்தகத்துல இருக்கிறது என்னுடையது இல்ல. எடுத்து ஒட்டினேன்." அம்மையார் நோட்டை நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு, "இதை வெச்சு மறுபடி எழுதிக் கொண்டு வாங்க. எஞ்சினை மறுபடி ஓட்டணும், எல்லாப் பாரத்துலயும். இன்னைக்குத் தேர்வு கிடையாது" என்றார். பிஸ்கட்டைத் தொடாமலே கிளம்பிப் போனார்.

முதல் தேதி வேலை வரிசையில் அடுத்தவனுக்குப் போனது. அக்கா போன் செய்யவில்லை, அவர் செய்தபோது எடுக்கவும் இல்லை.

துறையில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம், எட்டு சதவீதம்தான். மூன்று கூட்டம் நடந்தது, மூன்றுக்கும் டீ வந்தது. மெக்கானிக்குக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது என்றும், ஆய்வுக்கூடத்துக்குப் புதிய பலகை ஒன்று மாட்டுவது என்றும் முடிவானது. பட்டம் வாங்கிய ஐந்து பேரின் புத்தகத்தைப் பற்றிப் பேச நேரம் போதவில்லையாம். அடுத்த மாதமே பேராசிரியர், "எரிபொருள் அளவீட்டில் நேரும் பிழைகள்" என்று முப்பத்தெட்டாவது கட்டுரையை அனுப்பிவிட்டார். இதைக் கேள்விப்பட்டபோது மெக்கானிக் பழைய பழக்கத்தில் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த ஆளைக் கேவலமாக நினைப்பதற்கு ஒரு உயரம் வேண்டும், அது இப்போது தன்னிடம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை குண்டூசி எஞ்சின் அறைக்கு வந்தாள். பழைய செருப்பு. ஒரு முழம் புது ரப்பர் குழாய், இரண்டு கிளிப், ஒரு திருப்புளி எல்லாம் அவளே கொண்டு வந்திருந்தாள். அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. குனிந்து பழைய குழாயைப் பிடுங்கி, புதியதை நாசிலில் மாட்டிக் கண்ணாடிக் குழலின் தலையில் செருகி, கிளிப்பை இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

கடித்துத் துப்பிவிட மாட்டாளா என்று அவர் நின்றார். வீட்டில் அவள் வாய்க்கு எல்லோரும் நடுங்குவார்கள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டால் போதும், அவர் காலில்கூட விழத் தயாராக இருந்தார். அவள் நோட்டைத் திறந்து தேதி போட்டாள், ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தாள், கண்ணாடிக் குழலின் மேல்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள்.

மாமா என்ற சொல் அதன் பின்னால் வரும் என்று அவர் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. லீவரைத் தூக்கிக் கைப்பிடியைச் சுற்றினார்.